வெட்டிய கிறிஸ்மஸ் மரம் வாடாமல் விற்பது எப்படி? மலையகத்தில் முதல்முறை கடை போடுபவர்களுக்கு

முதல் வருடம் நான் ஹட்டனில் மரம் விற்றபோது முப்பது சைப்ரஸ் மரங்களை ஒரே நாளில் வெட்டி இறக்கினேன். டிசம்பர் 10ஆம் திகதி. பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில், எல்லோர் கண்ணிலும் படும் ஒரு திருப்பத்தில், தார் ரோட்டோரமாக வரிசையாகச் சாய்த்து வைத்தேன். முதல் இரண்டு நாளும் கூட்டம் வந்து பார்த்தது, விலை கேட்டது, போய்விட்டது. அவ்வளவு சீக்கிரத்தில் மரம் வாங்குகிறவர்கள் குறைவு என்பது எனக்கு அப்போது தெரியாது. 18ஆம் திகதி வாங்க வந்தவர்களோ இலையைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார்கள். அந்த வழியாக வந்த, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பை நடத்தி ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர் மரங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ மரம் விற்கவில்லை. கொழுந்து வாட்டிக்கொண்டிருக்கிறாய்."

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. பறித்து வந்த தேயிலைக் கொழுந்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். தொழிற்சாலையில் அதைத் தட்டில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி, தேவைப்பட்டால் அந்தக் காற்றைச் சூடாக்கி, ஓர் இரவுக்குள் துவளவைக்கிறார்கள். நானும் மரங்களை இடைவெளி விட்டுப் பரப்பியிருந்தேன். காற்று வீசும் திருப்பம் பார்த்து வைத்திருந்தேன். சூட்டுக்கு அடியில் தார் ரோடு இருந்தது. வேரிலிருந்து பிரித்த பிறகும் இலை தண்ணீரை விட்டுக்கொண்டேதான் இருக்கும். வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. ஆகவே கொழுந்து வாட்டும் மாடியில் என்னென்ன செய்கிறார்களோ அதற்கெல்லாம் நேர்மாறாக உங்கள் கடையில் செய்ய வேண்டும். எப்படி என்பதை வெட்டுவதிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

எந்த மரம், யாருடைய மரம்

நம் பக்கத்தில் கிறிஸ்மஸ் மரம் என்று விலைபோவது பெரும்பாலும் சைப்ரஸ். அடுத்தது பைனஸ் கன்று அல்லது பைனஸ் மரத்தின் நுனி. தொட்டியில் வளர்த்த அரகேரியா மூன்றாவது. அது வெட்டாத மரம் என்பதால் அதன் கதை வேறு. இவற்றில் எதுவும் இலங்கையின் சொந்த மரம் அல்ல. மலைச்சரிவுகளில் இன்று நாம் பார்க்கும் பைனஸ் காடுகளில் பெரும்பகுதி 1970களிலும் 80களிலும் நடப்பட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கைபேசியில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கும் ஃபர் (fir) என்ற ஊசியிலை மரத்தை மனதில் வைத்துச் சொன்னவை. தண்ணீர், நிழல், அடியை அரிவது ஆகிய மூன்றும் எல்லா மரத்துக்கும் பொருந்தும். மரம் பழசா புதுசா என்று பார்க்கும் சோதனைகள் பொருந்தாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெட்டுவதற்கு முன்னால் காகிதம். தோட்டத்து மரம் என்றால் நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி, தனியார் காணி என்றால் உரிமையாளரின் கடிதம். லொறியில் கொண்டுபோக வேறு அனுமதிப் பத்திரம் தேவையா என்பதைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒதுக்குக் காட்டுப் பக்கம் கத்தியோடு போகவே வேண்டாம். கடை போடும் இடத்துக்கு நகர சபையிலோ பிரதேச சபையிலோ பணம் கட்டினால் பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்கி, பொலித்தீன் உறையில் போட்டுக் கடையிலேயே தொங்கவிடுங்கள்.

வெட்டும் நாள்

ஒரே நாளில் வெட்டாதீர்கள். எனக்கு இருக்கும் வசதிக்கு நான் மூன்று தவணையாக வெட்டுகிறேன்: 14ஆம் திகதி வாக்கில் கொஞ்சம், 18இல் பெரும்பகுதி, 22இல் மிச்சம். முதல் தவணை தேவாலயங்களுக்கும் பாடசாலை ஒளிவிழாக்களுக்கும் ஹோட்டல்களுக்கும் போகும். வீட்டுக்காரர்கள் சம்பளமும் முற்பணமும் கைக்கு வந்த பிறகுதான் வருவார்கள். லொறிக் கூலி மூன்று தடவை கொடுக்க வேண்டுமே என்று கணக்குப் பார்ப்பீர்கள். பாதி மரம் விலைபோகாமல் கிடப்பதோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி பெரிதல்ல.

வெயில் ஏறுவதற்கு முன் வெட்டுங்கள். இரவு முழுவதும் வேர் குடித்த தண்ணீர் விடிகாலையில் மரத்துக்குள் நிறைய இருக்கும். சின்ன மரம் என்றாலும் கத்தியால் கொத்த வேண்டாம். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகிய கைக்கு ஒரே வீச்சில் சாய்த்துவிட ஆசை வரும். ஆனால் கொத்திய அடி சாய்வாகவும் சிராய்த்தும் இருக்கும், பட்டையும் கிழிந்துவிடும். கைவாளால் அரியுங்கள். அரிந்த மரத்தை வெயிலில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகாமல், உடனே நிழலுக்கு இழுத்து வாருங்கள். பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலி இருந்தால் பாக்கியம். வாளியில் பீலித் தண்ணீர் பிடித்து, லொறி வரும்வரை அடியை அதில் நிறுத்தி வையுங்கள்.

கட்டுவதும் ஏற்றுவதும்

அடிக் கிளையிலிருந்து தொடங்கி, கிளைகளை மேல்நோக்கி மடக்கி, சணல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே நுனிவரை போங்கள். நுனியிலிருந்து கீழே கட்டினால் கிளை முறியும். கட்டிய மரத்தில் காற்றுப் படும் பரப்புக் குறைவதால் தண்ணீர் வெளியேறுவதும் குறையும். அதனால் கடைக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட வேண்டாம். காட்சிக்கு வைப்பதை மட்டும் அவிழ்த்தால் போதும்.

கட்டிய மரங்களை லொறியில் நெருக்கி அமுக்கி வெகுநேரம் வைக்கவும் கூடாது. கொழுந்துச் சாக்கை அமுக்கித் திணித்தால் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும் என்பது கொழுந்து எடுக்கும் எவருக்கும் தெரியும். மரத்துக்கும் அதேதான், அதுவும் நனைந்த மரம் என்றால் இன்னும் சீக்கிரம். ஏற்றும்போது அடிப்பக்கம் லொறியின் முன்பக்கம் பார்க்க இருக்கட்டும்; ஓடும்போது அடிக்கும் காற்று கிளையை விரிக்காமல் ஒதுக்கிக்கொண்டு போகும். மேலே படங்கு போட்டு மூடுங்கள். மூடாமல் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு பகல் முழுவதும் ரோட்டோரத்தில் நின்றதற்குச் சமமாக மரம் காய்ந்துவிடும் என்பது என் அனுபவக் கணக்கு.

இடம்தான் பாதி வேலை

"குளிரான ஊர்தானே, மரம் வாடாது" என்று நுவரெலியாவில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1,868 மீற்றர் உயரத்தில் குளிர் உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் மரத்தைக் காயவைப்பதில் சூட்டுக்குக் கொஞ்சமும் குறையாத பங்கு காற்றுக்கு உண்டு. டிசம்பரில் நம் மலைகள் ஒரே மாதிரி இருப்பதுமில்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ்ப் பருவக்காற்றின் மழை விட்டு விட்டுப் பெய்யும்; மரத்துக்கு நல்லது, வியாபாரத்துக்குக் கெட்டது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழை விட்ட நாட்களில் காலையில் பளீரென்று வெயில், பிற்பகலில் கணவாய் வழியாக வாடைக்காற்று. வாடை என்று யார் பெயர் வைத்தார்களோ, மரம் விற்கிறவனுக்கு அது பெயர்ப்பொருத்தம்.

ஆகவே இடம் பார்க்கும்போது நான் முதலில் சுவர் தேடுவேன். காற்று வரும் பக்கத்தில் ஆளுயரச் சுவரோ, கடையின் பின்புறமோ, அடர்ந்த வேலியோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு கம்பு நட்டு, பழைய உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கட்டுங்கள். ஒரு மழைக்கோட்டின் விலைகூட ஆகாது. தலைக்கு மேல், மரக்கறித் தோட்டக்காரர்கள் நாற்றுமேடைக்குப் போடும் கறுப்பு நிழல் வலை போதும். தகரம் போட்டால் அடியில் சூடு தங்கும். கண்ணாடி போன்ற பொலித்தீன் போடவே கூடாது, அது மரத்தை அவித்துவிடும்.

தரை அடுத்தது. தாரும் சீமெந்தும் பகலில் வாங்கிய சூட்டை இருட்டிய பின்னும் விட்டுக்கொண்டிருக்கும். மண்தரை கிடைக்காவிட்டால் மரத்தூளையோ வெட்டிய மானாப்புல்லையோ நான்கு விரல்கடைத் தடிப்பில் பரப்பி, காலையும் மாலையும் நனைத்து வையுங்கள். சூடும் தடுக்கும், ஈரமும் கொடுக்கும், வாடிக்கையாளர் காலில் சேறும் ஒட்டாது.

எல்லா மரத்தையும் முன்னால் நிறுத்தாதீர்கள். அளவுக்கு ஒன்றாக ஐந்தாறு மரங்கள் காட்சிக்குப் போதும். மற்றவை கட்டியபடி, பின்னால் நிழலில், நின்ற நிலையில் தண்ணீரில் இருக்கட்டும். காட்சி மரம்தான் அதிகம் வாடும் என்பதால் அதை முதலில் விற்றுவிட்டு, அந்த இடத்துக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து வாருங்கள். இரவில் கவர்ச்சிக்காகச் சூடு விடும் பெரிய மின்குமிழ்களைக் கிளைக்குள் கட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. வெளிச்சத்தை மேலே கம்பத்தில் கட்டுங்கள். பஸ் நின்று புகை விடும் இடத்துக்கு நேரே கடை போட்டால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டியதில்லை.

நுவரெலியாவில் கடை போடுபவர்களுக்கு இன்னொன்று. டிசம்பர் பிற்பகுதியில், வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் உறைபனி விழலாம். அப்படிப்பட்ட மாலையில் இலைக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டாம், சாக்கால் மூடிவிடுங்கள். அரகேரியாத் தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். அது கடலோரத் தீவுகளின் மரம், உறைபனியைத் தாங்காது.

அடியை மீண்டும் அரியுங்கள்

புதியவர்கள் தவறவிடுவது இந்த வேலையைத்தான். மரத்தை வெட்டியதும் அடியிலுள்ள நுண்குழாய்களுக்குள் காற்று ஏறிவிடும், பிசினும் கசிந்து உறையும். தண்ணீர் இல்லாமல் ஆறு முதல் எட்டு மணி நேரம் தாண்டினால் அந்த அடி நன்றாகக் குடிக்காது. நீங்கள் வாளி நிறையத் தண்ணீர் வைத்துக் காத்திருப்பீர்கள். மரம் தண்ணீருக்கு நடுவில் நின்று தாகத்தில் வாடும்.

அடியிலிருந்து ஓர் அங்குலம், குறைந்தது அரை அங்குலம், வட்டத் துண்டாக அரிந்து எறியுங்கள். நேராக அரிய வேண்டும். சாய்வாகவோ ஆப்பு வடிவிலோ அரிந்தால் அதிகம் குடிக்கும் என்பது பூங்கொத்துக் கடையிலிருந்து வந்த நம்பிக்கை. மரத்தில் அது பலிக்காது, மரமும் நிலையாக நிற்காது. அடியில் துளை போடுவதாலும் பயனில்லை.

தாங்கிக்குள் அடி நுழையவில்லை என்றால் பக்கவாட்டில் பட்டையைச் சீவி மெலிதாக்குவார்கள். நானும் செய்திருக்கிறேன். இது பெரிய தவறு. தண்ணீர் ஏறுவது மரத்தின் நடுவயிரம் வழியாக அல்ல, பட்டைக்கு அடுத்துள்ள வெளிமரத்தின் வழியாக. அதைச் சீவினால் குடிக்கும் வாயைச் சீவியது போலாகும். பெரிய தாங்கி தேடுங்கள், அல்லது வாளியில் கல் அடுக்கி மரத்தை நிறுத்துங்கள்.

அரிந்ததும் தண்ணீரில் வையுங்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து வைக்கலாம் என்று போகாதீர்கள்.

தண்ணீர்

அடிமரத்தின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு லீற்றர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அங்குல மரத்துக்கு மூன்று லீற்றர் பிடிக்கும் பாத்திரம். முதல் இரண்டு நாள் மரம் மளமளவென்று குடிக்கும், பிறகு நிதானமாகும். அரிந்த முகம் எப்போதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். மட்டம் ஒரு தடவை கீழே இறங்கி முகம் காய்ந்தால் மறுபடியும் அரிய வேண்டியதுதான்.

என்ன கலப்பது? ஒன்றும் வேண்டாம். சீனி, பனடோல், அஸ்பிரின், சோடா என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி செஸ்டாக்னர் என்ற தாவர நோயியலாளர் வெட்டிய கிறிஸ்மஸ் மரங்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். அவர் சொல்வதும் வெறும் தண்ணீர்தான். வெந்நீரா குளிர்ந்த நீரா என்பதும் பொருட்டல்ல. பாத்திரம் சுத்தமாக இருந்தால் போதும். மருந்தடிக்கப் பயன்பட்ட வாளியை மட்டும் எடுக்காதீர்கள்; வீட்டில் குழந்தைகளும் நாயும் இருக்கும் இடத்துக்கு இந்த மரம் போகப்போகிறது.

மாலையில் வெயில் தணிந்ததும், பூவாளியால் இலைகளை மெல்ல நனையுங்கள். இலை மேல் ஈரம் இருக்கும்வரை உள்ளே உள்ள ஈரம் வெளியேறுவது குறையும். பகலில் தெளித்தால் கண்ணெதிரே காய்ந்துவிடும், உழைப்புதான் வீண்.

தேங்கிய தண்ணீர் என்றால் நம் நாட்டில் டெங்கு. இருபது வாளி வரிசையாக வைத்திருக்கும் கடையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கவனிக்காமல் போகமாட்டார். மூன்று நாளுக்கு ஒருமுறை வாளியைச் சாய்த்துக் கழுவி, உள்விளிம்பைத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். கொசுமுட்டை கொசுவாக ஒரு வாரமளவு எடுக்கும் என்பதால் இது போதும். கொசு வரக்கூடாது என்று மண்ணெண்ணெய் ஊற்றிய ஒருவரைத் தெரியும். கொசு வரவில்லை, மரம் வாங்கவும் யாரும் வரவில்லை.

காலையில் ஒரு சுற்று

கடை திறந்ததும் மரம் மரமாகத் தொட்டுப் பாருங்கள். ஃபர் மரத்துக்குச் சொல்லும் சோதனை, அடியைத் தரையில் தட்டினால் பச்சை ஊசி உதிர்கிறதா என்பது. சைப்ரஸில் ஊசியே இல்லை, செதில் போன்ற இலைதான். அது உதிராமலே செத்துப்போகும். பைனஸ் அதைவிட ஏமாற்றுக்காரன், முழுதாகக் காய்ந்த பிறகும் ஊசியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே நிறத்தையும் கையையும் நம்புங்கள். நல்ல சைப்ரஸைக் கசக்கினால் விரலில் ஈரமும் வாசனையும் ஒட்டும், நுனி வளையும். வாடத் தொடங்கியது பளபளப்புக் குறைந்து சாம்பல் படரும். பிறகு நுனி மளுக்கென்று ஒடியும். ஒரே உயரமுள்ள இரண்டு மரங்களைத் தூக்கிப் பாருங்கள், இலேசாக இருப்பது காய்கிறது. உட்புறக் கிளையில் மட்டும் பழுப்பு இலை இருந்தால் பயப்பட வேண்டாம், அது மரத்தின் வழக்கமான உதிர்வு. உதறி எடுத்துவிடுங்கள்.

சாம்பல் பூக்கத் தொடங்கிய மரத்தை உடனே அரிந்து நிழலில் தண்ணீருக்கு மாற்றினால் சில சமயம் தேறும். ஒடியத் தொடங்கியது தேறாது. அதை மறைத்து விற்காமல், நல்ல கிளைகளை மட்டும் வெட்டி, பாலன் குடிலுக்கும் கதவு வளையத்துக்கும் கட்டாகக் கட்டி விற்றுவிடுங்கள். மரம் வாங்க வசதியில்லாத, தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பிள்ளைகள் அந்தக் கட்டுக்காகத்தான் காத்திருப்பார்கள். என் கடையில் சில வருடங்களில் முழு மரத்தைவிடக் கட்டுகள்தான் முதலில் தீர்ந்திருக்கின்றன.

வாங்கிப் போகிறவரிடம் சொல்ல வேண்டியது

விற்கும் நேரத்தில், அவர் பார்க்க இன்னொரு துண்டு அரிந்து கொடுங்கள். மறக்காமல் கேளுங்கள்: வீடு எங்கே? பக்கத்து டிக்கோயா என்றால் பிரச்சினையில்லை. கொழும்பு என்றால் மலை இறங்கி வெக்கைக்குள் போகும் மரம். ஈரச் சாக்கால் அடியைச் சுற்றி, மரத்தை மூடிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் வீட்டில் மறுபடியும் அரிய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வேனின் கூரையில் திறந்தபடி கட்டிக்கொண்டு போவார்கள். போகட்டும் என்று விடாமல் ஒரு பழைய படங்கைக் கொடுத்தனுப்பினால் அடுத்த வருடமும் உங்களிடமே வருவார்கள்.

லயன் அறைக்குப் போகும் மரம் என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசுங்கள். அடுப்பும் படுக்கையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வீடு அது. காய்ந்த ஊசியிலை மரத்தில் பிசின் இருப்பதால் தீப் பிடித்தால் சில நிமிடங்களுக்குள் முழுவதும் எரிந்துவிடும். ஒரு வரிசை லயம் முழுவதும் ஒரே கூரை. மூன்றடி மரமே போதும் என்று நானே சிறியதைக் காட்டுவேன். அடுப்புக்கு எதிர்ச்சுவரில் வைக்கவும், மெழுகுதிரியைக் கிளையில் ஏற்றாமல் தள்ளி வைக்கவும், சூடாகாத எல்ஈடி விளக்கு மட்டும் கட்டவும், தண்ணீர் ஊற்றும் பொறுப்பை வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்கவும் சொல்லுங்கள். பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். பட்டாசு வாசலுக்கு வெளியே.

24ஆம் திகதி இரவு, பூசைக்குப் போகும் கூட்டம் கடந்ததும் நான் கடையை எடுத்துவிடுவேன். மரத்தூளையும் புல்லையும் பக்கத்து மரக்கறித் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, கைவாளில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, துரு ஏறாமல் தேங்காய் எண்ணெய் பூசிப் பழைய பத்திரிகையில் சுற்றி வைக்கிறேன்.